இரத்தத்தில் குறைந்தது மாமனார் பெயர்

கனிஷாய் மாவை மெல்லிய துணி போலத் தேய்த்து, மடித்து, நூடுல்ஸுக்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் மாவு டின்மேல் சாய்ந்திருந்தது. தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பட்டப் படிப்புக்குப் பாடம் எடுக்கும் எசென்கான் வாத்தியார் அதற்குள்ளிருந்து கேட்டார்.

“கர்ப்பிணிக்கு இரத்தச்சோகைன்னா இரத்தத்துல எது குறைஞ்சிருக்கு? கனிஷாய், நீ சொல்லு.”

“துருப்பிடிக்கிறது, அகாய்.” வாத்தியார்களை நாங்கள் அகாய் என்போம்.

“எது?”

“துருப்பிடிக்குமே, அது.”

“அதுக்குப் பேரு கிடையாதா?”

“இருக்கு அகாய். எங்க மாமனார் பேரு.”

போனுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அகாயும் சிரித்தார். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாமனார் பெயர் தெமிர். கிர்கிஸ் மொழியில் இரும்புக்கும் அதுதான் சொல். மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறெதையும் சொல்லமாட்டாள். எங்கள் மொழியில் ரயில் பாதை என்றால் இரும்புப் பாதை; ஆகவே அவள் புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனது ‘நீட்டமான வண்டியில்’. அர்த்தமற்ற வழக்கம்தான். ஆனால் இந்த ஊரில் அத்தனை பிரசவமும் பார்த்தவள் நான். வலியில் புருஷனைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டுகிறவள்கூட மாமனார் பெயர் வரும் இடத்தில் பல்லைக் கடித்துக்கொள்வாள். எசென்கானின் அம்மாவும் கடித்திருப்பாள். பட்டணத்துக்குப் போய்க் கோட்டு மாட்டியதும் அவருக்கு அது மறந்துவிட்டது.

கனிஷாய் எங்கள் அத்-பாஷிப் பக்கத்துப் பெண் அல்ல. பட்டணத்து விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள். கொள்ளை நோய் வந்து எல்லோரையும் வீட்டுக்குத் துரத்திய வருஷம், யாரையும் கேட்காமல் எங்கள் ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். ‘லிப்ஸ்டிக்காரி, ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாள்’ என்று தெமிருடைய தம்பி மனைவி ஷயீர் ஊர் முழுக்கச் சொன்னாள். கனிஷாய் தாங்கினாள். ஒரு பிள்ளை பெற்றாள். குதிரையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடக்கிற மாமனாரைப் பார்த்துக்கொண்டாள். ரொட்டி சரியில்லை, பால் கறக்கத் தெரியவில்லை என்று ஷயீர் ஆயிரம் குறை சொன்னாலும், பெயர் விஷயத்தில் மட்டும் அவளால் குறை சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் கனிஷாய்க்கு இருந்த ஒரே மதிப்பு அதுதான்.

நோய் அடங்கியபின் பல்கலைக்கழகம் திறந்தது. விடுதி திறக்கவில்லை. அதற்கு வர்ணம் அடித்து வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். தூரத்து ஊர்க்காரர்களையும் பிள்ளை பெற்றவர்களையும் ஒன்றாகக் கூட்டி, ‘அனைவரையும் அரவணைக்கும் பிரிவு’ என்று பெயர் வைத்து, வீட்டிலிருந்தே படியுங்கள் என்றார்கள். ‘இனி யாரும் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டாம்’ என்று துணைவேந்தர் டிவியில் சொன்னார். வாசல் பக்கமே வராதே என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சமத்துவம் வந்தது. எல்லோருக்கும் ஒரே விதி. தேர்வின்போது கேமரா அறை முழுவதையும் காட்ட வேண்டும். பதிலை உரக்கச் சொல்ல வேண்டும், எழுதிக் காட்டக் கூடாது. பாரபட்சம் வந்துவிடக் கூடாதாம். அதனால் வாத்தியார் கையில் முக்கியச் சொற்களின் பட்டியல் ஒன்று. சொல் காதில் விழுந்தால் மதிப்பெண், விழாவிட்டால் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கிறதென்று லத்தீன் பாடத்தையும் எடுத்துவிட்டார்கள். மருந்துச் சீட்டைப் படிக்கத் தெரியாத செவிலியர்களை உண்டாக்குவதும் அரவணைப்பில் சேர்த்தி போலிருக்கிறது.

நான் ஓய்வு பெற்றதிலிருந்து ஊர்ச் சுகாதார நிலையம் பூட்டிக் கிடக்கிறது. மாவட்ட மருத்துவர் கனிஷாயிடம் சொல்லியிருந்தார்: “இறுதித் தேர்வுல தேறு, மறுநாளே ஊர் ஆபீஸ்ல சாவிய வாங்கிக்கோ. காகிதம் பின்னால வரட்டும்.” தேறாவிட்டால் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. மறுதேர்வு ஒரே ஒரு முறைதான்.

தேர்வன்று நான் தெமிருக்கு ஊசி போட வந்திருந்தேன். அந்த வீட்டில் சிக்னல் கிடைப்பது அவர் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் மட்டும். அதனால் கிழவர், கட்டில், அடியிலிருந்த மூத்திரச் சட்டி எல்லாம் கேமராவில் தெரியும்படி தேர்வு நடந்தது. வந்த கேள்வி, கர்ப்பிணிக்கு இரத்தச்சோகை.

கண் இமையை இறக்கிப் பார்ப்பதிலிருந்து, மாத்திரையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது என்பது வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

“அந்த மாத்திரையில என்ன இருக்கு?” என்றார் எசென்கான்.

“துருப்பிடிக்கிறது, அகாய்.”

“பட்டியல்ல இருக்கற சொல்லு வேணும்மா.”

“நீங்களே சொல்லுங்க அகாய், ஆமான்னு தலையாட்டறேன்.”

“நான் சொன்னா அது எனக்குத் தேர்வு. சொல்லு, அந்த உலோகத்துக்கு என்ன பேரு?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலிலிருந்து ஒரு கர்ஜனை வந்தது.

“தெமிர்! தெமிர்டா, கழுதை! என் பேருதான்! எழுதிக்கோ!”

“வெளியாள் சொல்லிக் கொடுத்தாச்சு. தேர்வு செல்லாது,” என்றார் எசென்கான். திரை கறுத்துவிட்டது.

“வெளியாளா?” என்று கத்தினார் தெமிர். “என் வீட்டுல நான் வெளியாளா?”

“சும்மா கிடங்க. ஆபரேஷன் தையல் பிரிஞ்சிடும்,” என்றேன்.

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். “ஏன்டி, சொல்லித் தொலைச்சா என்ன? நான்தான் கேக்கறேன். மறுதேர்வுல சொல்லிடு. நானே அனுமதி குடுக்கறேன், போதுமா?”

“நீங்க குடுப்பீங்க அத்தா. ஷயீர் சின்னம்மா குடுப்பாங்களா?”

“அவ கிடக்கறா, வாய்க்கு மூடி இல்லாதவ.”

“அவங்க வாய மூடறதுக்குத்தானே நான் இத்தனை வருஷமா இந்த வாய மூடி வெச்சிருக்கேன்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பிடிவாதத்துக்குச் சம்பளம் தருவார் யாருமில்லை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பல்கலைக்கழகத்தில் அரவணைப்புக்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. தலைவி பெர்மெத். குரலில் தேன் ஒழுகும். கனிஷாய் முறையிட்டதும் போனில் முகத்தைக் காட்டிப் பேசினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“எல்லாப் பண்பாட்டையும் நாங்க மதிக்கறோம் கனிஷாய். இந்தச் சொல்லச் சொல்லும்போது உங்களுக்குள்ள ஏதாவது காயம் வலிக்குதா?”

“காயமில்ல எஜே. மாமனாரு.” மூத்த பெண்களை எஜே, அதாவது அக்கா, என்போம்.

“சரி. எங்க வகைகள்ல மாமனார் இல்ல. ஆனா வழி இருக்கு. பேச்சுக் குறைபாடுன்னு டாக்டர் ஒரு சான்றிதழ் குடுத்தா, நீங்க எழுத்துலயே தேர்வு எழுதலாம்.”

“நாக்கு நல்லாத்தாம்மா இருக்கு,” என்றேன். “ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் ஊமைன்னு எந்த டாக்டர் எழுதுவான்?”

“நீங்க யாரு?”

“வெளியாளு.”

கனிஷாய் என் தொடையைக் கிள்ளினாள். “எஜே, பேச்சுக் குறைன்னு என் கோப்புல ஏறிடுச்சுன்னா, அப்புறம் எந்தச் சுகாதார நிலையத்துல என்ன வேலைக்கு எடுப்பாங்க? நான் பட்டணத்துக்கு நேரா வந்துடறேன். தனியா ஒரு அறையில கேளுங்க. அங்க மாமனாரு காதுல விழாது, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடறேன்.”

பெர்மெத் வருத்தமாகச் சிரித்தாள். “அரவணைக்கும் பிரிவுக்கு நுழைவு அட்டை கிடையாதேம்மா. கேட்டுல காவலாளி விடமாட்டாரு.”

எனக்கு இருமல் வந்துவிட்டது.

மறுதேர்வு அன்று காலையிலேயே, தெமிரைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிடலாம் என்று தூக்கப் போனேன். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“என் பேர என் முதுகுக்குப் பின்னால சொல்லவா? நான் செத்தா போயிட்டேன்? என் முன்னாலயே சொல்லட்டும்.”

“அப்ப வாயத் திறக்கக் கூடாது.”

“துண்டக் குடு.” வாங்கித் துண்டின் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு படுத்தார்.

அதே கேள்விதான். எசென்கானுக்குப் புதுக் கேள்வி தயார் செய்ய நேரமில்லையோ, அல்லது பணியவைத்துத்தான் விடுவது என்று இருந்தாரோ. அவள் எல்லாம் சொல்லி அந்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள். “ஃபெர்ரம், அகாய்,” என்றாள். நோய்க்கு முன்னால் விடுதியில் இருந்தபோது படித்த லத்தீன்.

எசென்கான் பட்டியலைப் பார்த்தார். “சரிதான். ஆனா லத்தீன் இப்போ பாடத்துல இல்லையே. உங்களுக்காகத்தானே எடுத்தோம்? பட்டியல்ல கிர்கிஸ் சொல்லுதான் இருக்கு.”

“எனக்குத் தெரியும்னு உங்களுக்கே தெரியுது, அகாய்.”

“எனக்குத் தெரியறது முக்கியமில்ல. எல்லாருக்கும் ஒரே விதி. கடைசியா கேக்கறேன்.”

அவள் கட்டிலைப் பார்த்தாள். கிழவர் துண்டைக் கவ்வியபடி கையால், சொல், சொல் என்று காற்றைத் தட்டினார். அவள் திரும்பி, கேமராவை நேராகப் பார்த்து, தெருவரை கேட்கும்படிச் சொன்னாள்.

“தெமிர்.”

“பார்த்தியா, எவ்வளவு சுலபம்!” என்றார் எசென்கான். “தேர்ச்சி.”

போன் அணைந்தது. நான் தெமிரின் வாயிலிருந்து துண்டை எடுத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் அவள் கொண்டுவந்த சூப்பைத் தொடவில்லை. வாங்கி நான் நீட்டினேன், குடித்தார். அவள் அடுக்களைக்குப் போனதும் கேட்டேன்.

“இது என்ன கூத்து? நீங்கதானே சொல்லச் சொன்னீங்க?”

“சொல்லச் சொன்னேன்,” என்றார். “சொல்லுவான்னு நினைக்கல.”

ஆண்பிள்ளை அனுமதி கொடுப்பதில் உள்ள பெருந்தன்மை எப்போதும் இந்த அளவுதான். கொடுப்பது அவர்களுக்குப் பெருமையாக இருக்கிறது. எதிராளி அதை வாங்கிக்கொண்டால் தாங்கமுடிவதில்லை.

“அப்ப அவ சொல்லாம இருந்திருக்கணுமா? பட்டம் போகட்டும்னு?”

“எனக்குத் தெரியாது. என்னக் கேக்காத. எனக்கு மருமகளே இல்ல.”

“நல்லது. அப்ப ராத்திரி சட்டி வெக்கறதுக்குப் பல்கலைக்கழகத்துலேருந்து ஆள் வருவாங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுக்களையில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஷயீர் அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்: “தெரு முழுக்கக் கேட்டுச்சு! ஆட்டுக்குட்டியக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டா!”

அப்போது பெர்மெத் கூப்பிட்டாள். அதே தேன்.

“வாழ்த்துகள் கனிஷாய்! உங்க கதை துணைவேந்தருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ‘மௌனத்தை உடைத்த மருமகள்’னு எங்க தளத்துல போடறோம். மாமனாரோட கையைப் பிடிச்சமாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க. சிரிச்ச முகமா.”

கனிஷாய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். “எஜே, நான் எந்த மௌனத்தையும் உடைக்கல. நீங்க உடைச்சீங்க. படம் வேணும்னா உங்க காவலாளிய எடுங்க.”

“என்னம்மா இப்படிக் கோவப்படறீங்க? நாங்க உங்களுக்காகத்தானே...”

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டு மிச்சப் பாத்திரத்தைத் தேய்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியும்.

“அவரு இனிமே என் கையால வாங்குவாரா எஜே?” என்று மட்டும் கேட்டாள்.

“பசிச்சா வாங்குவாரு. நாளைக்குக் காலையில அவர நான் பாத்துக்கறேன். நீ போய் சாவிய வாங்கு.”

மறுநாள் காலையில் நான் வந்தபோது சுகாதார நிலையத்துப் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். முதல் ஆளாக ஷயீர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நோயாளியாக வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள். கனிஷாய் அவள் பெயரை எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொன்னாள். அடுப்புக்குச் சாணி வறட்டி போட்டு, கை கழுவி, அப்புறம்தான் கூப்பிட்டாள். இரத்த அழுத்தம் பார்த்து, “உப்பக் குறைங்க சின்னம்மா, வாரா வாரம் வந்து காட்டுங்க,” என்றாள். ஷயீர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்தாள்.

நான் தெமிர் வீட்டுக்குப் போனேன். கிளம்பும் முன் கனிஷாய் தேநீர் போட்டு, வழக்கம் போல, எங்கள் மரியாதைப்படி அரைக் கிண்ணம் ஊற்றி, கையில் கொடுக்காமல் கட்டிலோரத்து முக்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தில் பிளாஸ்க். கிண்ணம் காலியாக இருந்தது. பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தேன், அதிலும் பாதி இல்லை.

“யாரு குடிச்சது?”

“பூனை,” என்றார் தெமிர்.

அந்த வீட்டில் பூனை கிடையாது. நான் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, படுக்கைப் புண் வராதிருக்க அவரை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்தேன்.