விரல் கழுவின தண்ணீர்

மாதத்தின் முதல் வெள்ளிதான் எங்கள் பங்கில் நோயாளர்களுக்கு நன்மை கொண்டுபோகிற நாள். பூசைப் புத்தகத்தில் நற்கருணை என்று இருக்கும். எங்கள் கடற்கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நன்மை வாங்குவது என்றுதான் சொல்வோம். பங்குச் சுவாமிக்கு மூன்று கோயில்கள். காங்கேசன்துறைக்குக் கிழக்கே, போர் முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிய வீடுகளுக்கெல்லாம் அவர் ஒருவரே ஓடித் திரிய முடியாது. ஆகவே கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றிருந்த என்னைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, ஆயரிடம் அனுமதியும் வாங்கி, வெள்ளை அப்பங்கள் வைக்கிற சிமிழை என் கழுத்தில் தொங்கவிட்டார்.

சிமிழோடு போகும்போது வழியில் யாருடனும் கதைக்கக் கூடாது. வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கு அதுதான் இந்தப் பணியிலேயே பெரிய தவம். தெரிந்தவர்கள் கை காட்டினால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஸ்கூட்டியை முறுக்குவேன். ரீச்சருக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று கொஞ்சக் காலம் ஊரில் கதை இருந்தது.

நான் போகிற வீடுகளில் கடைசி வீடு ஒரு கடற்றொழிலாளியுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமாகப் படகு வைத்திருந்தவர். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு நோய், ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டது. மனைவி இல்லை, மகளோடு இருக்கிறார். முதல் தடவை நான் வாசலில் நின்றபோது என் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “சுவாமிக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டார்.

“ஒரு வருத்தமும் இல்லை. இனி நான்தான் வருவன்.”

கையில் நன்மை வாங்குகிற புதுப்பழக்கம் அவருக்கு ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார். கண்ணை மூடுவது பக்தியாலா, கொடுப்பது ஒரு பொம்பிளை என்பதைப் பார்க்காமல் இருக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கோபம் வரும்தான். ஆனால் கழுத்தில் சிமிழ் கிடக்கும்போது கோபத்தை என்ன செய்வது, விழுங்கிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது போன ஆவணி மாதத்து முதல் வெள்ளியைப் பற்றி. அன்று ஒரு வீடு புதிதாகச் சேர்ந்திருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு மனுசி, நன்மை வாங்கிய பிறகு என் கையைப் பிடித்து அழத் தொடங்கிவிட்டார். அந்தக் கையை எப்படி உதறுவது? அண்ணையின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் பாடுபட்ட சுரூபம் வைத்து, மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். திரி பாதிக்கு மேல் எரிந்துவிட்டது. அண்ணை சக்கர நாற்காலியில் மேசையைப் பார்த்தபடி இருந்தார். வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நெற்றியிலிருந்து வியர்வை ஓடியது. கடற்காற்று வீட்டுக்குள் அடித்துக்கொண்டிருக்க ஒரு மனிதனுக்கு இப்படி வியர்க்காது.

“அப்பா கனநேரமாச் செபிச்சுக்கொண்டு இருக்கிறார், ரீச்சர்,” என்றாள் மகள். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

அவர் செபிக்கவில்லை. உதடு தானாக ஆடிக்கொண்டிருந்தது. விரல்களும் ஆடின. என் கணவருக்கும் சீனி வருத்தம் இருந்தது. அவரோடு இருபது வருசம் வாழ்ந்த எனக்கு இதைச் சொல்லித்தர ஒரு டொக்டர் தேவையில்லை. அண்ணைக்கு இரத்தத்தில் சீனி இறங்கிக்கொண்டிருந்தது.

“இன்சுலின் ஊசி போட்டனியே?” என்று மகளிடம் கேட்டேன்.

“ஓம், விடியவே போட்டாச்சு.”

“சாப்பிட்டவரோ?”

“புட்டும் சம்பலும் குடுத்தனான். சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாத்தானே வந்தது.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சுவரோரம் புட்டு கொட்டிக் கிடந்தது. இரண்டு கோழிகள் அதைக் கொத்திக்கொண்டு நின்றன. மகளும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போய்விட்டது.

“அண்ணை, ஏன் சாப்பிடேல்லை?”

அவர் என்னைப் பார்த்தார். ஆனால் பார்வை என்னில் நிற்கவில்லை. “நன்மை வாங்கிறவன் சாப்பிடுறதே,” என்றார். நாக்குத் தடித்திருந்தது.

பழைய சட்டம் அது. நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காமல் நன்மை வாங்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் இருந்தது. அதை எப்போதோ எடுத்துவிட்டார்கள். நோயாளிகளுக்கு இப்போது அப்படி ஒரு கட்டாயமே கிடையாது. இதை நான் அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டினார். கோழிக்குப் போட்டுவிட்டு வெறுங்கோப்பையை நீட்டுகிற மனிதர் தலையாட்டாமல் வேறென்ன செய்வார்!

“சீனி கரைச்சுக் கொண்டு வா, கெதியா. அம்புலன்ஸுக்கும் போன் அடி.”

மகள் ஓடினாள். டம்ளரை நான் வாங்கி அவர் உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். “அண்ணை, மருந்தெண்டு நினைச்சுக் குடியுங்கோ.” தலையைத் திருப்பினார். மகள் தாடையைப் பிடித்தாள். ஒற்றைக் காலோடு சக்கர நாற்காலியில் இருக்கிற மனிதருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கையை வீசினார், டம்ளர் தெறித்துப் போய்ச் சுவரில் அடித்தது.

“முதல் நன்மை,” என்றார். “பிறகு எல்லாம்.”

மகள் அழத் தொடங்கிவிட்டாள். அம்புலன்ஸ்காரர் வெளிக்கிட்டுவிட்டோம் என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் அந்த உடைந்த ரோட்டில் அவர்கள் வந்து சேர நேரம் எடுக்கும். அவர் இப்போது மயங்கினால் வாய்வழியாக எதுவும் கொடுக்க முடியாது. கொடுத்தால் புரைக்கேறிச் செத்துப்போவார். அந்த வாய் திறக்கக்கூடிய நேரம் இனிக் கொஞ்சம்தான் இருந்தது. அந்த வாய் ஒரே ஒரு பொருளுக்குத்தான் திறக்கும், அது என் கழுத்தில் தொங்கியது.

சிமிழைத் திறந்தேன். செபம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு அப்பத்தை எடுத்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

“பாவ அறிக்கை,” என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் சுவாமி என்னை இந்தப் பணியிலிருந்து தூக்கிவிடுவார். பாவ அறிக்கைச் செபத்தைத் தொடங்கினேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் செபித்ததில்லை. அவர் என்னோடு வந்தார், பாதியில் நின்றார், பிறகு முதலிலிருந்து தொடங்கினார். நானும் முதலிலிருந்து தொடங்கினேன். என் பாவமே என்று நெஞ்சில் அறைகிற இடத்தில் கையைத் தூக்கினார். கை நெஞ்சுக்கு எட்டவில்லை, மடியில் விழுந்தது. நான் அந்தக் கையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தேன்.

அப்பத்தில் நகத்தளவு துண்டை உடைத்து, மிச்சத்தைச் சிமிழில் வைத்தேன். “கிறிஸ்துவின் உடல்.”

ஆமென் வரவில்லை. ஆமென் சொல்லாமல் அவரும் நாக்கை நீட்டமாட்டார். கண் மேலே செருகத் தொடங்கியது. “அண்ணை, ஆமென் சொல்லுங்கோ,” என்று வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் அதட்டினேன். அவர் திடுக்கிட்டு ஆமென் என்றார். நாக்கு வெளியே வந்தது. வைத்தேன்.

அது இறங்கவில்லை. வாய் காய்ந்து போயிருந்தது, துண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மெல்லவும் மாட்டார். நன்மையில் பல்லுப் படக் கூடாது என்பதும் அவருடைய பழைய சட்டம். மகள் தண்ணீரை நீட்டினாள். மறுபடியும் உதட்டை இறுக்கினார். நன்மை வாயில் இருக்கும்போது வேறொன்றும் உள்ளே போகக் கூடாதாம்.

அப்போதுதான் எனக்கு விரல் கழுவின தண்ணீர் நினைவு வந்தது. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது சுவாமிமார் வீட்டுக்கு நன்மை கொண்டுவந்தால், கொடுத்து முடித்ததும் ஒரு கிளாஸ் தண்ணீரில் விரல்களைக் கழுவுவார்கள். விரலில் துகள் ஏதும் ஒட்டியிருந்தால் வீணாகக் கூடாது என்று அந்தத் தண்ணீரை நோயாளிதான் குடிக்க வேண்டும். இப்போது அநேகமாக யாரும் அப்படிச் செய்வதில்லை, நானும் செய்ததில்லை. ஆனால் என் முன்னால் இருந்தவர் இந்தக் காலத்தில் வாழ்கிற மனிதர் இல்லை.

அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினேன். மகளின் கையிலிருந்த தண்ணீர்க் கிளாஸை வாங்கி மேசையில் வைத்து, அவள் முன்பு கொண்டுவந்த சீனிப் போத்தலை அதில் கவிழ்த்தேன். கரண்டி தேட நேரமில்லை, நன்மை கொடுத்த அதே விரல்களை உள்ளே விட்டுக் கலக்கினேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சீனி கரைந்தது, விரலும் கழுவியாயிற்று. ஆகவே நான் அடுத்துச் சொன்னதில் பொய் கிடையாது.

“அண்ணை, இது விரல் கழுவின தண்ணி. சிந்தாமல் முழுக்கக் குடிக்க வேணும்.”

அவர் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்தார். கை ஆடியது, நானும் சேர்த்துப் பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு மிடறையும் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். அடியில் கரையாமல் கிடந்த சீனியையும் விடவில்லை, விரலால் வழித்து நக்கினார். துகள் வீணாகக் கூடாது அல்லவா.

பிறகு காத்திருந்தோம். மகள் அவர் காலடியில் நிலத்தில் இருந்தாள். நான் அவர் கைநாடியைப் பிடித்தபடி நின்றேன். அவர் செத்துப்போனால் நன்மை கொடுத்துக் கொன்றவள் என்று ஆகிவிடுவேன் என்ற பயம் வந்தது. அதைவிடப் பெரிய பயம், இந்த முரட்டு மனிதரை எனக்குப் பிடித்திருந்தது என்பது.

மெல்ல மெல்ல நெற்றி காய்ந்தது. அவர் மெழுகுதிரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்தத் தடவை பார்வை நின்றது. அம்புலன்ஸ்காரர் வந்து விரலில் குத்தி இரத்தம் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். மகள் கொடுத்த பாண் துண்டைத் தேத்தண்ணீரில் தோய்த்து அவர் சாப்பிட்டு முடித்து, மறுபடியும் குத்திப் பார்த்த பிறகுதான் போனார்கள்.

“தண்ணி இனிச்சுது,” என்றார் அவர்.

“ஓம். சீனி போட்டனான்.”

“தெரியும். என்ரை நாக்கு இன்னும் சாகேல்லை.”

“தெரிஞ்சோ குடிச்சனீங்கள்?”

“விரல் கழுவினதும் உண்மைதானே.”

எனக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. உடைத்ததில் மிச்சத் துண்டை நானே வாங்கியிருந்தேன், சிமிழில் நன்மை முடிந்திருந்தது, இனிக் கதைக்கலாம். “இஞ்சை பாருங்கோ அண்ணை, இன்னொருக்கா உப்பிடிப் பட்டினி கிடந்தால் நான் இந்தப் படியே ஏறமாட்டன். கடவுள் உங்களை விரதம் இருக்கச் சொல்லிக் கேட்டவரே? மகளின்ரை முகத்தைப் பாத்தனீங்களே?”

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையில் கை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“கோயிலுக்கு வரக் கால் இல்லை, ரீச்சர். முழந்தாள் போடவும் ஏலாது. முதல் மீனைக் கோயிலுக்குக் குடுக்க இப்ப கடலும் இல்லை. ஆண்டவர் என்ரை வீடு தேடி வாறார். பசி ஒண்டுதான் என்னட்டைக் கிடந்தது. அதையும் வேண்டாம் எண்டால், நான் வெறுங்கையோடை எப்பிடி அவரை வாங்கிறது?”

அன்று காலையில் இரண்டு பிஸ்கட்டும் தேத்தண்ணீரும் எடுத்துவிட்டுத்தான் நான் சிமிழைக் கழுத்தில் போட்டிருந்தேன்.

அடுத்த கிழமை மகளோடு கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் கேட்டேன். அந்த ஒரு நாள் மட்டும் இரத்தம் பார்த்துவிட்டு, ஊசியை நன்மைக்குப் பிறகு சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம், தண்ணீர் மட்டும் கட்டாயம் குடிக்க வேண்டும் என்றார். தண்ணீருக்கு அண்ணை முதலில் சம்மதிக்கவில்லை. மகளை ஒருதரம் பார்த்துவிட்டு, “சரி, தண்ணி குடிக்கிறன்,” என்றார். கடைசி வீடு இப்போது முதல் வீடாகிவிட்டது. முதல் நன்மை, பிறகு ஊசி, பிறகு புட்டு. புட்டை அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் நாக்கை நீட்டியபோது அவர் கண்ணை மூடவில்லை.