செங்கோட்டைத் தண்டவாளத்தில் ஒரு சைக்கிள்

என் கணவருக்குக் கண்ணில் கோளாறு இருக்கிறது என்பதை ஓர் ஆட்டுக்குட்டிதான் எங்களுக்குச் சொன்னது. நல்ல உச்சிவெயிலில், ஆள் நடமாட்டமே இல்லாத குற்றாலம் சாலையில், பக்கவாட்டிலிருந்து மெதுவாக நடந்து வந்த குட்டியின் மேல் அவர் சைக்கிளை விட்டார். அடுத்த வாரம் தண்ணீர்க்குடத்தோடு போன ஒரு பெண்ணை இடித்தார். குடம் நசுங்கிப்போனது. அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்று கத்தியபோது அவர் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார்.

"அவ எங்கனருந்து வந்தான்னே எனக்குத் தெரியல."

யாரும் நம்பவில்லை. ஏனென்றால் தென்காசியில் அவரைப்போல சைக்கிள் விடுகிறவர் இல்லை என்று பேர். ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். சாரல் காலத்தில் ரயிலை விட்டு இறங்குகிற வாலிபர்கள் எங்கள் கடையில்தான் சைக்கிள் எடுத்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். அவர் என் அத்தை மகன். ஐம்பதுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது, மறுவீடு முடிந்த கையோடு என்னைக் கேரியரில் உட்காரவைத்து ஐந்தருவி வரைக்கும் ஏற்றத்தில் இறங்காமல் மிதித்துக்கொண்டு போனவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பதே தெரியாதவர் போல வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் செருப்பைத் தடவித் தேடுவார். மாலைக்கண் என்று அத்தை முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாகச் சமைத்துப்போட்டாள். எதற்கும் அசையவில்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சொந்தத்துல கல்யாணமா?"

"ஆமா."

"உங்க அப்பா அம்மா?"

"அவங்களும் சொந்தந்தான்."

அவர் கேட்டது என்ன கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இதற்கு மருந்து கிடையாது என்றார். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே உள்ளே வரும், நடுவில் மட்டும் கொஞ்சநாள் இருக்கும், அதுவும் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றார். பிறக்கிற பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார். பாவூர்சத்திரம் தாண்டும்போது சொன்னார்.

"ஏட்டி, சுத்தி இருக்கதெல்லாம் போச்சு. நடுவுல உன் மூஞ்சி மட்டும் நிக்கி. அது போதும்."

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல மாதங்கள் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொட்டது ரிப்பேர் பார்க்க மட்டும்தான். பஞ்சர் ஒட்டுவது, செயின் மாட்டுவது, சக்கரக் கோணல் எடுப்பது எல்லாம் கைக்கே தெரியும். ஆனால் சோறு இறங்கவில்லை. கடையிலிருந்து ஒருவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தச் சத்தம் தேய்கிற வரைக்கும் முகத்தை அந்தத் திசையிலேயே வைத்திருப்பார். ஆள் பாதியாக இளைத்துப்போனார். எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் நானும் அவரும் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கை என் தோளில். தண்டவாளத்தில் டிராலி ஒன்று போனது. தொப்பி வைத்த ஓர் அதிகாரி குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்க, பின்னால் இரண்டு பேர் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டார்கள். அவர் நேராகப் பார்க்கிற இடத்தில் அது போனதால் அவருக்கு முழுசாகத் தெரிந்தது. கேட் திறந்தபிறகும் அவர் நகரவில்லை.

"ஏட்டி, அதுக்கு ஹாண்டில் பாரே இல்ல பாத்தியா? ஒடிக்கவும் வேண்டாம், வளைக்கவும் வேண்டாம். பக்கத்துல இருந்து எவனும் குறுக்க வரவும் மாட்டான்."

நான் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வா என்றார்.

புரட்டாசியில் தொடங்கினார். ஒரு பழைய சைக்கிளின் ஹாண்டில் பார் திரும்பாதபடி இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார். முன்சக்கரத்துக்கு முன்னால் ஒன்றும் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றுமாகச் சின்ன மரச்சக்கரங்கள். அவற்றுக்கு இரண்டு பக்கமும் உதடு போல விளிம்பு உண்டு. அது தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். சைக்கிள் சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு மூங்கில் கை நீட்டி, அதன் நுனியில் இன்னொரு சக்கரம். அது எதிர்த் தண்டவாளத்தில் ஓடும். சக்கரங்களைக் கடைந்து கொடுத்த ஆசாரி, "அண்ணாச்சி, இது எந்தக் கோயில் தேருக்கு?" என்று கேட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

முதல் தடவை தண்டவாள இணைப்பில் குதித்து ஜல்லிக்கல்லில் விழுந்தது. அடுத்த தடவை மூங்கில் பிளந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சக்கரங்களைத் தடவிப் பார்த்து, எங்கே தப்பு என்று விரலால் கண்டுபிடித்தார். உதட்டை ஆழமாக்கி, உள்ளே பழைய ட்யூப் ரப்பரைச் சுற்றியபின் வண்டி நின்றது. நின்றது மட்டுமில்லை, ஓடியது.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பாசஞ்சர் செங்கோட்டைக்குப் போனபிறகு, ஊருக்கு வெளியே வைத்து என்னை ஏறச்சொன்னார். கேரியரில் நான் முதுகைக் காட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு.

"முன்பக்கம் நான் பாத்துக்கிடுதேன். பின்னால எதுவும் வந்தா நீ சொல்லு. இறங்கி ஆளுக்கொரு பக்கம் தூக்கி வெளிய வச்சிரலாம்."

நான் பாவாடை தாவணிக்காரி போலச் சிரித்துக்கொண்டே ஏறினேன். எனக்கு அப்போது இருபது வயது இருக்கும்.

எங்கள் வீடு பெரிய குடும்பம். பகலில் புருஷனிடம் நின்று பேசுவது அத்தைக்குப் பிடிக்காது. "என்னத்த அப்படிக் கூடிக்கூடிப் பேசுதிய?" என்பாள். அதனால் அவருக்கும் எனக்கும் பேச்சு என்றால் சாப்பாடு, துணி, கடைச்சாவி, அவ்வளவுதான். தண்டவாளத்தில் யார் இருக்கிறார்கள்? முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொண்டு நான் பேசித் தீர்த்தேன். இடி விழுந்து இரண்டாகப் பிளந்த எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் சின்னதாகிக்கொண்டே போவதைச் சொன்னேன். வயலில் நடவு போடுகிற பெண்கள் எங்களைப் பார்த்து வாயில் கைவைத்து நிற்பதைச் சொன்னேன். கொக்கு, மயில், வரப்பில் விழுந்த கன்றுக்குட்டி, என் சின்ன வயசு, புளியங்குடியில் என் அப்பாவின் கமிஷன் கடையில் எலுமிச்சை நாற்றத்தில் நான் தூங்கிப்போனது, எல்லாம் சொன்னேன். அவர் "ம்", "ம்" என்று மிதித்துக்கொண்டே இருப்பார். சில நேரம் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு விரித்துக்கொள்வார். விசிலும் திரும்ப வந்தது.

எங்களை முதலில் பிடித்தவர் தண்டவாளம் பராமரிக்கிற ஆட்களின் மேஸ்திரி. குறுக்கே நின்று கையைக் காட்டினார்.

"இது என்ன கூத்து அண்ணாச்சி? ரயில்வேக்காரன் பாத்தா உள்ள தூக்கிப் போட்டுருவான்."

அவர் தன் கண்ணைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். மேஸ்திரி என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், மூங்கில் கையை ஆட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம காலையில பாசஞ்சர் போனப்புறம் மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் வராது. நான் பாக்கல, நீங்களும் வரல. வேற எவனும் கேட்டா உங்கள எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

அப்படியே மார்கழி, தை, மாசி போனது. பொங்கலுக்கு நான் உடுத்திய சேலையைப் பார்த்து, "இந்தப் பச்சை உனக்கு நல்லா இருக்கு" என்றார். நான் அன்று முழுக்க அந்தச் சேலையை மாற்றவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. குற்றால மலை கைக்கு எட்டுகிற மாதிரி தெளிவாக இருந்தது. நான் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று முன்பக்கத்திலிருந்து ஆட்கள் கத்துகிற சத்தம். "நிறுத்து! நிறுத்து வே!" நான் கழுத்தைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற கட்டைகளை மாற்றுகிற வேலைக்காக அன்றைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். தண்டவாளத்தின் மேல் டிராலி நின்றது. அதற்கு நெடுந்தூரம் முன்னாலேயே ஒரு சிவப்புக் கொடியை நட்டுவைத்திருந்தார் மேஸ்திரி. நாங்கள் வருவோம் என்று தெரிந்து, எங்களுக்காகவே நட்டது. நேரான பாதை. நல்ல வெயில். கொடியைத் தாண்டி, மிதியைக்கூடக் குறைக்காமல், அவர் நேராகப் போய் டிராலியில் மோதினார்.

அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. நான் ஜல்லியில் புரண்டு கிடந்தேன். மேஸ்திரி என்னைத் தூக்கும்போது அழுதுகொண்டே கேட்டார்: "கொடி நட்டேனே அண்ணாச்சி, கொடி நட்டேனே!" இவரோ, "அவ எங்க? அவ எங்க?" என்று நான் இல்லாத திசையில் கையை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் பிள்ளை இருந்தது, கலைந்துவிட்டது என்றாள். எனக்கு அது இருந்ததே தெரியாது. நாள் தள்ளிப்போனதை வெயில் சூடு என்று நினைத்திருந்தேன். எனக்குப் பிள்ளை உண்டு என்பதும் இல்லை என்பதும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தன.

சாயங்காலம் கையில் கட்டோடு அவரைக் கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"கொடி தெரியலையா அத்தான்?"

"இல்லட்டி."

"டிராலி?"

தலையை ஆட்டினார். "எல்லாம் எப்பவோ போயிட்டு."

நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என் மூஞ்சி?"

"பொங்கலுக்கு முந்தியே."

"அந்தப் பச்சைச் சேலை?"

"காலையில அம்மா சொன்னா, பச்சை கட்டியிருக்கான்னு."

பிள்ளை போனதற்கு நான் அழுதேன், அது வேறு. இதற்கு எனக்கு அழுகை வரவில்லை. அத்தனை நாளாக நான் தலை சீவியது, பொட்டு வைத்தது, அவர் பார்க்கிறார் என்று நிமிர்ந்து நின்றது எல்லாம் ஒரு சுவருக்கு முன்னால் நின்று செய்தது போல ஆகிவிட்டது.

என் அப்பா புளியங்குடியிலிருந்து வந்தார். "கூட்டிட்டுப் போங்க மாமா. இங்க இருந்து அவ என்ன கண்டா?" என்று இவரே சொன்னார். போனேன். சாரல் தொடங்கி முடிகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் என்னைப் போகச் சொல்லவும் இல்லை. ஒருநாள் காலையில் நானே பஸ் ஏறி வந்துவிட்டேன். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் தட்டில் யார் குழம்பு ஊற்றுகிறார்களோ, மீனில் முள் எடுத்துக் கொடுப்பார்களோ என்ற நினைப்பு ஒரு வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்தது.

கடையில் சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். என் நடைச் சத்தத்தில் கை நின்றது.

"வந்துட்டியா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. உடைந்த வண்டியை மேஸ்திரி ஓர் ஆளின் தலையில் ஏற்றி அனுப்பியிருந்தாராம். இவர் அதைப் பிரித்து, மரச்சக்கரங்களை அத்தையிடம் வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, சட்டத்துக்கு வேறு சக்கரம் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த சைக்கிள் எது என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். "இன்னொன்னு இருட்டுல தடவ நான் காரணமா இருக்க மாட்டேன்" என்றார். ஒரே அறையில் பாயைத் தள்ளிப்போட்டுக்கொண்டார். ஊரில் என்னை மலடி என்றார்கள். அத்தைக்கு உண்மை தெரியும். அவளும் வாய் திறக்கவில்லை. அதற்கும் சேர்த்து நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். குழம்பு ஊற்றினேன், முள் எடுத்துக் கொடுத்தேன், கோபமாகவும் இருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் அத்தை போய்ச்சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப்போன பிற்பகலில், வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"அதுல போறப்ப உனக்குப் பயமா இருந்துச்சாட்டி?"

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "இல்ல" என்றேன்.

"எனக்கு இருந்துச்சு. ஒவ்வொரு மிதிக்கும், இப்ப எதுல போய் முட்டுவோமோன்னு இருக்கும்."

"பிறகு ஏன் போனிய?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? முன்னால திரும்பி உக்காந்திருப்பேன்லா?"

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"சொன்னா வண்டி நின்னுரும். நீ பின்னால பேசிக்கிட்டே வருவேல்லா. வீட்ல நீ அப்படிப் பேசுனதே இல்லயே. கண்ணு போனப்புறம் எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

எனக்குக் கையில் இருந்த பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். அப்படி ஒரு நாளில் தீர்ந்துபோகிற கணக்கு இல்லை அது. ஆனால் அன்று சாயங்காலம் கடைக்குப் போய் காய் வாங்கி வந்தபோது, வழியில் பார்த்ததை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மறுநாளும் சொன்னேன். தெருவில் போன கல்யாண ஊர்வலத்தை, மலைமேல் மேகம் இறங்குவதை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்ட சண்டையை. அவர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். தடுக்க வீட்டில் யாரும் இல்லை.

அடுத்த சாரல் முடிவதற்குள் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அதிலிருந்து எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு அப்படிப் பேசிக்கொண்டிருக்கக் கிடைத்தது ஒரு வருஷம்கூட இல்லை.