நீலத்தை மட்டும் தொடாதே

அருண், வெண்ணிலா, இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். என் வலைப்பதிவில் போடுவதால் மற்றவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும். நம்மைப் போல ஊரைவிட்டு வந்து எங்கெங்கோ அடுப்பு மூட்டி நிற்கிறவர்களும், ஊரிலேயே இருந்துகொண்டு எங்களை விசாரிக்கிறவர்களும் படித்தால் எனக்குச் சந்தோஷம்தான். உங்கள் அத்தை மகள் தர்ஷினிக்குக் காது குத்திய கதையை நீங்கள் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அதில் என் பங்கை நானே சொல்லிவிடுவது நல்லது.

நம் தெருமுனைக் கடையிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கடைக்கார அம்மாள் எல்லோரையும் 'டக்' என்று கூப்பிடுவார். டக் என்றால் வாத்து. வந்த புதிதில் என்னை வாத்து என்கிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீடு வந்தேன். இங்கிலாந்தின் இந்தப் பக்கத்தில் அது பிரியமாக அழைப்பது என்று பிறகுதான் தெரிந்தது. வாத்தாக இருக்க நான் பழகிவிட்டேன். இன்றுவரை பழகாதது வேறு ஒன்று. இத்தனை வருடமாகப் பால் வாங்குகிறேன், ஒருநாளாவது என் பெயர் என்ன, எந்த ஊர் என்று அவர் கேட்டதில்லை. திண்டுக்கல் கடைவீதியில் ஒரே ஒரு தேங்காய் வாங்கிப் பாருங்கள். "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார்கள். அகரம் என்றால், "அகரத்துல யாரு மகன்?" என்பார்கள். அதையும் சொன்னால், "அட, மில்லுக்காரர் காளிமுத்துக்கு அண்ணன் மகனா? அதக் கீழ வையி, அது அழுகலு. இந்தா, இத எடு" என்று பின்னால் இருந்து வேறு தேங்காய் வரும். தெரிந்தவன் என்று ஆன பிறகுதான் அங்கே வியாபாரமே தொடங்கும். இங்கே பெயர் தெரியாமலே எனக்கும் நல்ல பால்தான் கிடைக்கிறது. இரண்டில் எது மேல் என்று சொல்ல நான் படித்தவன் இல்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன்.

நான் பத்தாவதோடு நின்றவன். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் சட்டி கழுவி, பிறகு அதே சட்டியில் சோறு தம் போடக் கற்றுக்கொண்டு, அந்தக் கைப்பழக்கத்தை வைத்து இந்த நாட்டுக்குச் சமையல்காரனாக வந்தேன். இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகள் ரொட்டியும் ஜாமும் தின்று வயிறு காய்வதைப் பார்த்துத்தான் இந்த வலைப்பதிவைத் தொடங்கினேன். நான் சொல்லச் சொல்ல உங்கள் அம்மா தட்டச்சு செய்வாள். சீரகச் சம்பா கிடைக்காவிட்டால் என்ன செய்வது, மின்சார அடுப்பில் அடிப்பிடிக்காமல் எப்படிக் கிண்டுவது, நாலு பேர் சேர்ந்திருக்கும் அறைக்கு எந்தச் சட்டி போதும், இவ்வளவுதான் விஷயம்.

உங்கள் அம்மாதான் அந்தத் தானியங்கி இணைப்பைக் கண்டுபிடித்தாள். ஒரு இணையக்கடை ஒரு துண்டு நிரல் கொடுக்கும். அதைப் பதிவில் ஒட்டிவிட்டால், நாம் எழுதியதை அதுவே படித்து, விற்கக்கூடிய சாமானின் பெயர் எங்கே வந்தாலும் அந்தச் சொல்லை நீலமாக்கிவிடும். படிக்கிறவர் நீலத்தை அழுத்தினால் நேராகக் கடைக்குப் போவார். அங்கே அவர் வாங்கினால் நமக்குக் கொஞ்சம் தரகு. வாங்காவிட்டால் ஒன்றும் இல்லை. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் குக்கர், மிக்ஸி, கத்தி எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் போட்டோம். நான் தூங்கும்போதும் அது தன் பாட்டுக்கு வேலை செய்தது. நல்ல வேலைக்காரன்தான், ஆனால் இடம் பொருள் தெரியாது. குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுவதைப் பற்றி மனம் உருகி எழுதியிருந்தேன். அதில் கத்தியை மட்டும் பிடித்துக்கொண்டு, மேசையில் இறைச்சி அறுக்கும் ஆறு கத்தி கொண்ட பெட்டியை விற்கக் கிளம்பிவிட்டது. "அண்ணே, சாமி கும்புட ஆறு கத்தி எதுக்கு?" என்று லண்டனிலிருந்து ஒரு பையன் கேட்டிருந்தான். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது "சட்டி வந்துருச்சுண்ணே" என்று எழுதுவார்கள். அந்தச் சட்டிகளில்தான் நம் விமான டிக்கெட் வெந்துகொண்டிருந்தது.

டிக்கெட் எதற்கு என்று சொல்ல வேண்டும். உங்கள் அத்தை செல்விக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார்த்த வேண்டும். ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும். தர்ஷினிக்கு ஒரு வயதானபோது என்னால் போக முடியவில்லை. மூன்றிலாவது வாருங்கள் என்று செல்வி காத்திருந்தாள். நாலில் குத்த மாட்டார்கள். அதையும் விட்டால் ஐந்து, அல்லது வேறு ஏதாவது பங்காளி முறை மாமன் மடி. "ஒன் மடி இருக்கையில எம்மக எதுக்குண்ணே அடுத்தவன் மடியில உக்காரணும்?" என்று அவள் போனில் கேட்டாள். உணவகச் சம்பளம் வீட்டுக்கே சரியாக இருந்தது. அதனால் நாலு பேரும் ஊருக்குப் போவதற்கு வலைப்பதிவுத் தரகு என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். கன்னிவாடி மலையடியில் இருக்கும் நம் குலதெய்வக் கோயிலில் தேதியும் குறித்துவிட்டார்கள்.

இதைச் செல்வியிடம் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "நீலமா இருக்குல்ல, அதுலதான் தாயி டிக்கெட்டு" என்றேன். அதுதான் வினை. அடுத்த சனிக்கிழமை அவள் அகரத்திலிருந்து டவுன் பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், என் பதிவைத் திறந்து, நீலமாக இருந்ததையெல்லாம் அழுத்திவிட்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் உங்கள் மாமாவின் தங்கைகளையும் கூட்டிப் போனாள். விஷயம் உறவுக்குள் பரவிவிட்டது. கல்யாணம், காதுகுத்து என்றால் ஊர்ப்பேர் சொல்லி மொய் எழுதிவிட்டு வருவது போல, மாமன் வருவதற்கு ஆளாளுக்குப் போய் நீலத்தை அழுத்திவிட்டு வந்தார்கள். ஒருத்தரும் ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. இங்கிலாந்துக் கடையில் அவர்கள் எப்படி வாங்குவார்கள்? பஞ்சு மில்லில் வேலை பார்த்த காளிமுத்துச் சித்தப்பா ஷிப்டு முடிந்து சென்டருக்குப் போனாராம். "செத்த நேரந்தான்டா இருந்தேன். ஆனா அம்புட்டையும் அமுக்கிப்புட்டேன். ஒரு சட்டிய விடல" என்று எனக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார். நானும் கண் கலங்கி, "சந்தோஷம் சித்தப்பா" என்றேன். அழுத்துவதால் ஒன்றும் வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனசாரச் செய்ததைப் பயனில்லை என்று எப்படிச் சொல்வது?

பயனில்லை என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த இணையக்கடைக்காரர்கள் நம் கணக்கை நிறுத்திவிட்டார்கள். தரகு முழுவதும் முடங்கியது. கணினியைத் திறந்து பார்த்த அம்மா, சமையலறைக்கு வந்து அடுப்பை அணைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். இரண்டு நாளில் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். மிகவும் மரியாதையான குரல். ஒரே ஊரிலிருந்து வந்து குவிகிற, எதுவும் வாங்காமல் போகிற இந்த ஆட்களை உங்களுக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. தெரியாதவர்கள் என்று நினைத்துப் பயந்திருக்கிறார்கள் போல, தெரியும் என்று சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன்.

"யெஸ் மேடம்! ஆல் மை பீப்பிள். வெரி குட் பீப்பிள்."

"எல்லோருமா?"

"எல்லோரும் சொந்தம். நான் கேரண்டி."

 அழுத்தச் சொல்லி நீங்கள் கேட்டீர்களா என்றார். சொந்தக்காரர்களிடம் கேட்க வேண்டியதில்லை மேடம், தானாகச் செய்வார்கள் என்றேன். அம்மா எனக்கு எதிரில் நின்று இரண்டு கையாலும் 'நிறுத்துங்கள்' என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தவில்லை. மொய் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது உங்கள் மதமா என்று விசாரித்தார். திண்டுக்கல் கடைவீதியில் எனக்கு நல்ல தேங்காய் வாங்கிக் கொடுத்த 'தெரிந்தவர்' என்ற வார்த்தை இங்கே என்னைக் கள்ளனாக்கியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தவர்கள் அழுத்தினால் அவர்களுக்கு அது பொய். முன்பின் தெரியாதவர் அழுத்தி வாங்கினால்தான் உண்மை. கடைசியில் அந்தப் பெண் நல்ல முடிவாகத்தான் சொன்னார். அந்த ஊரிலிருந்து வரும் அழுத்தல் அடியோடு நிற்க வேண்டும். நின்றால், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். உண்மையாக வாங்கியவர்களுக்கான தரகு நம்முடையதே.

ஆக, மொய் செய்கிறவர்களை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அம்மா சொன்னாள், "நாஞ் சொன்னா நாத்தனா கோவிச்சுக்கும். நீங்களே பேசுங்க." போனைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் குளிரில் நடந்துவிட்டுத்தான் பேசினேன்.

"செல்வி, இனிமே அத அமுக்க வேண்டாந்தாயி."

"ஏண்ணே? நாங்க அமுக்குனது பத்தலயா?"

"பத்தாம இல்ல. அது கடைக்காரனுக்குப் பிடிக்கல."

"அவனுக்கென்ன பிடிக்காம? அவங் கடைக்குத்தான போறோம்?" பிறகு குரல் மாறியது. "அண்ணே, நெசத்தச் சொல்லு. எங்க மொய் ஒனக்கு வேண்டாங்கிற. அதான?"

"கிறுக்கி மாதிரிப் பேசாத. நீங்க அமுக்குனா நான் வர முடியாது. அமுக்காம இருந்தாத்தான் வருவேன்."

"இதென்ன கூத்தா இருக்கு! ஒதவுனா வரமாட்ட, ஒதவலைன்னா வருவியா?" கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, தொடல. படிக்கவாச்சும் செய்யலாமா, அதுவுங் கூடாதா?"

"படி தாயி, நல்லாப் படி. நீலத்தை மட்டும் தொடாத."

அதன் பிறகு என் தங்கை செய்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். எப்படிக் கூட்டம் சேர்த்தாளோ அப்படியே தடையும் போட்டாள். வீடு வீடாகப் போய், தொட்டால் அண்ணன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டாள். சித்தப்பா எனக்குப் போன் போட்டார். "ஏலே அப்பு, ஒன் எழுத்து பாம்புப் புத்து மாதிரில்ல ஆயிப்போச்சு! ஒன் தங்கச்சி பக்கத்துலயே நின்னுக்கிட்டு, கைய எடு, கைய எடுங்கிறா. பயந்து பயந்து குழம்புக் கதையப் படிச்சிட்டு வாரேன்." பிறகு, "ஆமா, நெசமாவே மிளகாய வறுத்துட்டுத்தான் அரைக்கணுமா?" என்றார். அவர் முதல்முறையாக முழுதாகப் படித்திருக்கிறார்.

ஊர் அடங்கியது. லண்டன் பையன்கள் வழக்கம்போலச் சட்டி வாங்கினார்கள். ஒரு மாதம் கழித்து கணக்கைத் திறந்துவிட்டார்கள். முகம் தெரியாத அந்தப் பிள்ளைகளும், கையைக் கட்டிக்கொண்டு இருந்த சொந்தங்களும் சேர்ந்துதான் நம்மை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கன்னிவாடியில் நடந்தது உங்களுக்கே நினைவிருக்கும். தர்ஷினி என் மடியில் உட்கார்ந்ததும் வெல்லமும் பச்சரிசியும் தின்றுகொண்டு ராணி போல இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் என் கட்டைவிரலைக் கடித்தாள் பாருங்கள், அருண் அதைத்தான் ஊரெல்லாம் சொல்கிறான். ரத்தம் வந்தது அவளுக்கு இல்லை, எனக்குத்தான். அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். ஒலிபெருக்கிக்காரர் மொய் வாசிக்கும்போது "இங்கிலாந்து செல்வராசு, தாய்மாமன் சீர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவரிடம் போய், "அகரம் செல்வராசுன்னு வாசிங்கண்ணே" என்றேன். "அட போங்க தம்பி. அகரத்துல செல்வராசு ஏகப்பட்ட பேரு. இங்கிலாந்துல நமக்கு ஒரு ஆளுதான்" என்று மறுபடியும் அப்படியே வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இதுவரை உங்களுக்குத் தெரியும். இனி தெரியாதது. இங்கே திரும்பி வந்து சில நாள் கழித்து, மதியச் சமையல் முடிந்து இரவுச் சமையல் தொடங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் பள்ளியில், அம்மா வேலையில். நம் இட்லிப் பாத்திரத்தின் மூடி நெளிந்து ஆவி போய்க்கொண்டிருந்தது, புதிது வாங்க வேண்டும். என் பதிவின் நீலத்தை நானே அழுத்துவதும் விதிப்படி கூடாது. தேடிப் பார்த்ததில் வேறு ஒரு தமிழ் வலைப்பதிவு கண்ணில் பட்டது. யாரோ ஒரு பெண். எந்த ஊர், எந்த நாடு, எதுவும் போட்டிருக்கவில்லை. பனி பெய்யும் ஊரில் மாவு புளிக்க வைப்பதைப் பற்றி, பானையைப் போர்வையில் சுற்றிப் பிள்ளையைப் போலப் படுக்க வைப்பதாக எழுதியிருந்தார். பின்னூட்டம் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரே ஒரு சொல் நீலமாக இருந்தது. அழுத்தினேன். பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தேன். முகவரிக் கட்டத்தில் இந்த வீட்டு எண்ணையும் இந்தத் தெருவையும் பிழையில்லாமல் தட்டினேன். 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தும்போது, ஆளில்லாத வீட்டில், மொய் எழுதும் இடத்தில் சொல்வது போல வாய்விட்டுச் சொன்னேன்:

"அகரம், செல்வராசு."