பழுப்பு விளிம்பு மரவாழை

உப்பு வாரி வாரிக் கால் வெடித்துப் போனதால், 2005 கோடையில் உப்பளத்துப் பாத்தி வேலையை விட்டுவிட்டு ஆரோவில் பக்கம் ஒரு செடித் தோட்டத்தில் சேர்ந்தேன். எட்டாவது வரை படித்தவள். நாற்பதைத் தாண்டியும், நாலு பேர் நின்றால் எனக்கு வாய் திறக்க வராது.

அங்கே தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய பூவரசில் ஒரு மரவாழையைக் கட்டியிருந்தார்கள், ஆர்க்கிட் என்பார்களே, அது. அதற்கு மண் வேண்டாம், வேரைக் காற்றில் தொங்கவிட்டே பிழைக்கும். இலை நுனி கடித்துத் துப்பியதுபோல் இருக்கும். பூவில் மஞ்சள் மேல் பழுப்புக் கட்டம், நடு நாக்கு மட்டும் ஊதா. எங்கள் பக்கத்துக் கோயில் காட்டில் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரிந்த செடிதான்.

அதை அடையாளம் சொல்ல ஒரு சார் வந்தார். கழுத்தில் லென்ஸ், கையில் ஸ்கேல். ஒரு இலைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

“இலை விளிம்புல பழுப்புக் கோடு இருக்குது பாருங்க. வேற எங்கயும் இல்லாத தனி வகைங்க இது,” என்றார்.

“அப்படிங்களா சார்!” என்று தோட்டத்து அம்மா பூரித்துப் போனார்.

பக்கத்துக் குரோட்டன்ஸ் இலைகளிலும் அதே பழுப்பு. அதை ஆராய்ந்தால் பெருமை கிடையாது, அதனால் சார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வேர் மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததையும் அளந்து எழுதிக்கொண்டார். பாத்தியில் உப்புப் பதத்தை நாக்கில் வைத்துப் பார்த்துப் பழகியவள் நான். அந்த வேரைத் தொட்டு நக்கினேன். உப்பு. தொட்டிக்கு வரும் போர்வெல் தண்ணீர் கரித்துச் செடி கருகிக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சாருக்கு டீ எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் முதல் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய் அதற்கு மட்டும் ஊற்றினேன். கருகின இலைகளை நறுக்கி எறிந்தேன். கார்த்திகைக்குள் மூன்று இலை புதிதாக விட்டது. பழுப்பின் சுவடே இல்லை.

சார் ஒரு விருந்தாளியுடன் திரும்ப வந்தார். பார்த்ததும் முகம் கறுத்தது.

“இது அந்தச் செடி இல்ல. யாரோ மாத்திட்டாங்க.”

தண்ணீர் ஊற்றுகிறவள் நான்தான். அம்மா என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, யார்கிட்ட குடுத்த? உண்மையச் சொல்லு.”

வேலை போவது போகட்டும், திருடி என்ற பேரோடு எப்படி வீட்டுக்குப் போவது? தொட்டியில் ஒரு சொம்பு மொண்டேன்.

“நாக்குல வெச்சிப் பாருங்க சார். இந்தத் தண்ணிதான் இலையக் கருக்குச்சு. நான் நல்ல தண்ணி ஊத்தினேன்.”

சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மாதான் வாங்கி ஒரு வாய் வைத்துத் துப்பினார்.

“கரிக்குது சார்!”

அப்போதும் அந்த மனுஷன் ஒரு சொட்டு நாக்கில் வைக்கவில்லை. சொம்பை வாங்கி, லென்ஸை எடுத்து, தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தார்.