காபோருக்குப் பக்கத்து இடம்

1. நவம்பரில் வந்த ஃபோன்

1995 நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. என் முதலாளி ராஜகோபால் எழுந்து என் மேஜைக்கே வந்து நின்றார். வழக்கமாகத் தன் அறையில் உட்கார்ந்தபடியே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள். அவர் எழுந்து வந்தாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"வளர்மதி, அந்த ஹங்கேரியன் செமெட்ரி ப்ராஜெக்ட் நீதானேம்மா பண்ணே?"

"ஆமா சார். போன வருஷமே டெலிவர் பண்ணிட்டோமே."

"அங்கேருந்து ஃபோன் வந்துது. ஒரு லேடி நேத்து அவங்க ஹஸ்பெண்ட் கல்லறைக்குப் பூ வைக்கப் போயிருக்காங்க. பக்கத்து இடம் அவங்களுக்குன்னு ரிசர்வ் பண்ணி வெச்சதாம். அதுல வேற யாரையோ புதைச்சிருக்காங்க. நம்ம சிஸ்டத்துல அந்த இடம் காலின்னு காமிச்சுதாம்."

நான் உடனே சொன்ன பதில் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. "டேட்டா என்ட்ரியில மிஸ்டேக் ஆயிருக்கும் சார்."

"எதுல ஆச்சோ, நீ இப்பவே நேர்ல போய்ப் பாரு. லாயர் கீயர்னு போறதுக்கு முன்னாடி."

எங்கள் கம்பெனி அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் இருந்தது. மொத்தமே ஏழு பேர். பழைய காகிதப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுப்பது எங்கள் வேலை. டாக்டர் ஆபீஸ், நூலகம், சிறிய சங்கங்கள் என்று யார் வந்தாலும் செய்துகொடுப்போம். கரூரில் பிறந்து கோயம்புத்தூரில் படித்த நான், கல்யாணமாகி 91-இல் நியூ ஜெர்ஸி வந்தேன். இரண்டு வருடம் வீட்டில் இருந்தபின் கிடைத்த முதல் வேலை இது. ஃபாக்ஸ்ப்ரோவில் ப்ரோக்ராம் எழுதுவேன். நன்றாக எழுதுகிறேன் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

2. ஆறு அலமாரி அட்டைகள்

நியூ பிரன்ஸ்விக்கில் ஹங்கேரியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முதல் உலகப் போருக்கு முன்னாலேயே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு சாரார். ஐம்பத்தாறில் புடாபெஸ்ட்டுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது எல்லை தாண்டி ஓடிவந்தவர்கள் இன்னொரு சாரார். முதலில் வந்தவர்கள் ஒரு அடக்கச் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். வேலையிடத்தில் செத்துப்போனால் எடுத்துப் புதைக்க உறவு கிடையாது என்பதால் ஏற்பட்ட சங்கம் அது. ஊருக்கு வெளியே அதற்குச் சொந்தமாக ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது.

யாருக்கு எந்த இடம் என்பது ஆறு இரும்பு அலமாரிகளில் அட்டை அட்டையாக இருந்தது. அட்டைக்கு ஒரு ஆள். பெயர், பகுதி, வரிசை, புதைத்த தேதி. உயிரோடு இருப்பவருக்குத் தேதி இருக்காது. செயலாளர் மாறும்போதெல்லாம் சில அட்டைகளைத் திரும்ப எழுதியிருந்ததால் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று அட்டைகள் கிடந்தன. அந்த டூப்ளிகேட்டுகளை நீக்கித் தரவேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது.

எங்கள் ஆபீஸில் இரண்டு பெண்கள் அட்டைகளை டைப் செய்தார்கள். எழுத்துகளின் மேல் இருந்த கோடு, புள்ளி எதுவும் எங்கள் கீபோர்டில் இல்லை, விட்டுவிட்டார்கள். ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் எழுதுகிறார்கள் என்பதை நானே கண்டுபிடித்தேன். நமக்கு அப்பா பெயரின் இனிஷியல் முன்னால் வருவதில்லையா, அதுபோல. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பிறகு டூப்ளிகேட் கண்டுபிடிக்க ஒரு விதி எழுதினேன். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்து, அடுத்த பெயரின் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகள் ஒன்றாக இருந்து, பகுதியும் வரிசையும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள். இரண்டில் தேதி இருக்கிற ரெக்கார்டை வைத்துக்கொள், தேதி இல்லாததை நீக்கு. அட்டையில் இட எண் கிடையாது என்பதால், ஒரு வரிசையின் மொத்த இடத்தில் மிஞ்சிய பெயர்களைக் கழித்தால் வருவது காலி இடம்.

ஓட்டிப் பார்த்தபோது நீக்கப்பட்டவற்றில் நிறையப் பெயர்கள் 'னே' என்று முடிவதைக் கவனித்தேன். கொவாச் காபோர், கொவாச் காபோர்னே. நாகி ஷாந்தோர், நாகி ஷாந்தோர்னே. உறுத்தியது. ராஜகோபாலிடம் காட்டினேன்.

"ஏதாவது இலக்கண விகுதியா இருக்கும்மா. எதுக்கும் கிளையன்ட்டுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடு" என்றார்.

நான் ஃபோன் போடவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சங்கச் செயலாளர் லாஸ்லோவின் ஆங்கிலம் எனக்கு ஃபோனில் புரியாது. என் ஆங்கிலம் அவருக்குப் புரியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை சொல்லவேண்டியிருக்கும். அடுத்த மேஜையில் இருந்த அமெரிக்கப் பெண் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தக் கூச்சத்தில் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை டெலிவரி. விகுதிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

3. ஒரு எழுத்து

லாஸ்லோ பதினேழு வயதில், ஐம்பத்தாறில், தனியாக வந்தவர். அன்று சங்கக் கட்டிடத்தின் வாசலிலேயே எனக்காக நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். அவர் திட்டவில்லை. உள்ளே கூட்டிப்போய் ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். கொவாச் காபோர்னே.

"இது ஏன் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை?"

"கொவாச் காபோரின் டூப்ளிகேட் என்று எடுத்துவிட்டோம்."

அவர் அட்டையில் பெயரின் கடைசி எழுத்தின் மேல் விரலை வைத்தார். "னே என்றால் மனைவி. காபோரின் மனைவி. எங்கள் ஊரில் கல்யாணமான பெண்ணுக்கு அதுதான் பெயர்."

என் விதி என்ன செய்திருக்கிறது என்று அந்த நொடியில் முழுதாகத் தெரிந்துவிட்டது. கணவன் இறந்திருந்தால் அவன் அட்டையில் தேதி இருக்கும். மனைவி உயிரோடு இருந்தால் அவள் அட்டையில் தேதி இருக்காது. ஆக, உயிரோடு இருந்த விதவைகளைப் பொறுக்கி எடுத்து அழித்திருந்தேன்.

அட்டைகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள், அது ஒன்றுதான் மிச்சம். அன்று சாயங்காலம் டேகேரில் என் பெண்ணை அழைத்துக்கொள்ளப் போனபோது கையெழுத்து நோட்டில் என் பெயரைத் தேடினேன். வளர்மதி என்று எங்கும் இல்லை. மிஸஸ் செந்தில்குமார் என்று என் கணவர் பெயரில் இருந்தது. இரண்டு வருடமாக அதற்கு நேரே தினம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்த நான்கு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சங்கத்துக்குப் போனேன். லாஸ்லோ அட்டையை வாசிப்பார், நான் சரிபார்ப்பேன். பக்கத்து ஹாலில் ஹங்கேரிய வகுப்பு நடக்கும். வாத்தியார் அவர்கள் மொழியில் கேட்பார், பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். நாற்பத்தொரு பெண்களைத் திரும்ப ஏற்றினோம். நாற்பது பேரின் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. இடம் போனது ஒருவருக்கு மட்டும்.

4. இலோனா

காபோரின் மனைவியின் சொந்தப் பெயர் இலோனா. எழுபத்துமூன்று வயது. கோட் தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. முதல் வாரமே லாஸ்லோ என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். மன்னிப்புக் கேட்க வாக்கியங்களைக் காரிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

அவர் காபியும் கசகசா வைத்த இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். பிறகு கேட்டார், "என் பெயரை ஏன் அழித்தாய்?"

"உங்களையும் உங்கள் கணவரையும் ஒரே ஆள் என்று நினைத்துவிட்டேன்."

"நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயரில்தான் இருக்கிறேன். நான் அவர் இல்லை என்று சொல்ல அதில் ஒரே ஒரு எழுத்துதான் இருந்தது."

மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

ஐம்பத்தாறு நவம்பரில் அவரும் காபோரும் சேற்றில் நடந்து ஆஸ்திரிய எல்லையைத் தாண்டினார்களாம். அதன்பின் இரண்டு பேரின் அப்பா அம்மாவும் அங்கே ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். ஒவ்வொரு சாவும் கடிதத்தில் வந்தது. ஒரு பிடி மண் போடப் போக முடியவில்லை.

"அதனால் இங்கே வீடு வாங்குவதற்கு முன்னால் அந்த இரண்டு இடத்தை வாங்கினோம்" என்றார். "வாடகை வீட்டில் இருந்தபோதே எங்களுக்குக் கல்லறை சொந்தமாக இருந்தது. காபோர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

அந்த இடத்தில் புதைக்கப்பட்டிருந்தவரும் ஹங்கேரியர்தான். அவருடைய மகன் ட்ரென்டனில் இருந்தார். லாஸ்லோ அவரிடம் பேசிப் பார்த்தார். "என் அப்பாவை இனி யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். குடும்பம் சம்மதிக்காமல் எடுக்க முடியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

காபோரை எடுத்து வேறு பகுதியில் இரண்டு இடம் சேர்ந்தாற்போல் தருகிறோம் என்று சங்கம் சொன்னது. செலவை எங்கள் கம்பெனி ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. இலோனா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

"அவரைப் போதுமான இடங்களிலிருந்து கிளப்பிவிட்டாயிற்று" என்றார்.

வழக்குப் போடவில்லை. யாரிடமும் கத்தவும் இல்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் அட்டை பார்க்கும் அறைக்கு வந்து ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். அவரே வாசித்துத் தர ஆரம்பித்தார். பாதிப் பெண்களை அவருக்கு நேரில் தெரியும். இவள் நன்றாகப் பாடுவாள், இவளுக்குக் காது கேட்காது என்று சொல்லிக்கொண்டே வாசிப்பார்.

ஒருநாள் லாஸ்லோ வெளியே போயிருந்தபோது கேட்டார், "உங்கள் ஊரில் மனைவியைக் கணவனுக்குப் பக்கத்திலா புதைப்பீர்கள்?"

"எங்கள் வீட்டில் புதைக்கமாட்டோம். எரித்துவிடுவோம்."

"பிறகு?"

"சாம்பலை ஆற்றில் கரைப்போம்."

"யார் நெருப்பு வைப்பது?"

"மகன். இல்லையென்றால் நெருங்கின சொந்தம்."

"சாம்பல் எவ்வளவு இருக்கும்?"

நான் கைகளைக் குவித்துக் காட்டினேன். ஒரு சிறிய பானை அளவு என்றேன். என் மாமனார் போனபோது பார்த்ததைச் சொன்னேன். ஏன் கேட்கிறார் என்று யோசிக்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார்.

ஒரு மாதம் கழித்து லாஸ்லோ எனக்குச் சொன்னார். தன்னை எரித்து, சாம்பலைக் காபோரின் கல்லறைக்குள்ளேயே வைக்கவேண்டும் என்று இலோனா சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதற்கு விதியில் இடம் இருந்தது. ராஜகோபாலுக்கு நிம்மதி.

"ப்ராப்ளம் சால்வ் ஆயிடுத்தேம்மா. இன்னும் ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிண்டிருக்கே?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னை வேலையை விட்டுத் தூக்காமல் காப்பாற்றியவர். எனக்கும் அன்று கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

5. பிப்ரவரி

இலோனா 1998 பிப்ரவரியில் இறந்தார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பனி கொட்டிக் கிடந்தது. காபோரின் கல்லுக்கு முன்னால் ஒரு முழ அகலத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். சாம்பல் பெட்டியை லாஸ்லோ கையிலேயே எடுத்து வந்தார். பாதிரியார் வாசித்தார். எட்டுப் பேர் இருந்தோம். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடக்கும்போது லாஸ்லோவிடம், "இப்படியாவது அவர் பக்கத்தில் வந்துவிட்டார்" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னது.

அவர் நின்றுவிட்டார்.

"உனக்கு அவள் சொல்லவில்லையா? நாற்பத்தைந்தில், போரில் ரஷ்யர்கள் புடாபெஸ்ட்டைச் சுற்றி வளைத்தபோது அவள் பக்கத்து வீடு ஆட்களோடு எரிந்தது. இவள் நிலவறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரை அவள் வீட்டில் ஒரு மெழுகுவத்தி கிடையாது. பிறந்தநாள் கேக்குக்குக்கூட ஏற்றவிடமாட்டாள்."

சனிக்கிழமை சனிக்கிழமையாக அவரோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் நெருப்பு வைப்பது, சாம்பல் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நானும் கைகளைக் குவித்துக் காட்டினேன்.

லாஸ்லோ என் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸுக்குத் திரும்பிப் போகவில்லை.

இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவுதான். ஒரு பதிவை நீக்கும் முன், அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். அவர் பேச்சு புரியாவிட்டால் நேரில் போங்கள். நம் ஆங்கிலத்தைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பிறகு தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்து நிம்மதி அடைய அவசரப்படாதீர்கள். அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போகலாம்.

அதன்பின் எந்தக் கம்பெனியிலும் தானாக அழிக்கிற ப்ரோக்ராம் நான் எழுதவில்லை. சந்தேகமான ரெக்கார்டுகளை அச்செடுத்து ஒவ்வொன்றாக ஆட்களிடம் கொண்டுபோய்க் கேட்பேன். வேலை மெதுவாகத்தான் நடக்கும். மூன்று கம்பெனிகளில் என் வருடாந்தர ரிவ்யூவில் 'வேகம் போதாது' என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றிலும் பதில் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.