ஊசி போட்ட உடம்பு

கணவனை அவர் என்று சொல்லிப் பழகிய வாய்தான் இது. இனிமேல் அவன்தான்.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக் கதவுப் பலகை மூன்று இடத்தில் பிளந்திருந்தது. எல்லாம் அவன் குத்தியது. பக்கத்தில் சாரம் என்ற பகுதியில் ஜிம்முக்குப் போய், மாஸ்டர் சதை ஏறக் கொடுத்த ஊசியைப் போட ஆரம்பித்த பிறகு வந்த குணம். சோற்றில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும். ஒருமுறை தோளைப் பிடித்து என்னை அலமாரியில் மோதியதில் கண்ணாடி உடைந்து, முதுகில் தையல் போட்டார்கள். உடம்பு மட்டும் முறுக்கேறிக்கொண்டே போனது. தெருவே வாய் பிளந்து பார்த்தது, எனக்குத்தான் வயிறு எரிந்தது.

கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மாமியார் என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்தாள். என் வயிற்றைப் படம் பிடிக்காத ஸ்கேன் சென்டர் பாண்டிச்சேரியில் இல்லை. கடைசியில் ஒரு லேடி டாக்டர் அவனையும் பரிசோதிக்கச் சொன்னார். விந்தில் ஓர் அணுகூட இல்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார். ஊசியில் போவது ஆண் ஹார்மோன்தான். அது ரத்தத்தில் நிறைந்திருப்பதைப் பார்த்து, போதும் என்று மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுமாம். கட்டளை வராத விதைக்குள் சுரப்பு வற்றி, விந்தணுவாக வேண்டிய செல்கள் தங்களைத் தாங்களே கொன்றுகொள்ளுமாம். ஆள் வெளியே வீங்க வீங்க உள்ளே சாவு. ஊசியை விட்டால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும் என்றார்.

விட்டான். நான் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கொஞ்ச நாளில் அவன் சதை தளர்ந்தது, ஜிம்மில் கேலி செய்தார்களாம். ஒரு மத்தியானம் மறுபடியும் தட்டு பறந்தது. ஊசி திரும்பிவிட்டதா என்று கேட்டதற்கு என் உதடு கிழிந்தது.

அடுத்த வாரம் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நிற்க என்னைத்தான் கேட்டிருந்தாள். கோவில் படியில் மாமியார் வந்து குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கினாள். மலடி தூக்கக் கூடாதாம். எல்லாம் தெரிந்தும் தாயிடம் மறைத்தவன் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றான். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல், சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழக் கத்தினேன்.

கொண்டையைப் பிடித்துப் படியில் தரதரவென்று இழுத்தான். முட்டி கிழிந்தது. கையை ஓங்கினான். நான் முகத்தைத் திருப்பவில்லை.

"அடி. இந்தக் கைய வளக்கத்தான என் புள்ளைய கொன்ன."

அடித்தான். பல் ஒன்று தெறித்து விழுந்தது. முதலில் அழுதது மாமியார்தான்.