நிறுத்து என்று சொல்லிக்கொடுத்தவன்

நான் வேலை பார்க்கும் லைப்சிக் நகரத்து அலுவலகத்தில் காலையில் யாரும் யாரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. வட்டமாக உட்கார்ந்துகொண்டு, ‘இன்றைக்கு உன் மனசு என்ன நிறம்?’ என்று கேட்கிறார்கள். ஒருத்தி சாம்பல் என்பாள். உடனே அவளுக்கு ஒருவர் டீ போட்டுக் கொடுப்பார். கலையால் சமூகத்தை மாற்றும் தொண்டு நிறுவனம் எங்களுடையது. மாற்றத்தை மனசிலிருந்து ஆரம்பிக்கிறோமாம். நானோ காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்காரன். எங்கள் தெருக்களில் நிறம் என்பது அடுப்பில் கொதிக்கும், பட்டு நூலில் ஏறும், நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு சோற்றுக்கும் வந்து சேரும். மனசுக்கு யாரும் சாயம் ஏற்றிப் பார்த்ததில்லை. நாலு வருஷமாகத் தினமும் ‘மாம்பழ மஞ்சள்’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரிலேயே மகிழ்ச்சியான ஆள் நான்தான் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

எங்கள் இயக்குநர் எல்கே நல்ல மனுஷி. சிக்கலே அதுதான். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, “ஆண்டு விழாவில் உன் வீடியோவைப் பெரிய திரையில் போடப்போகிறோம், நெட்டிலும் நேரலையாகப் போகும். அந்தப் பெண்ணிடம் புதிதாக ஒரு சம்மதம் வாங்கிவிடு” என்றார். எனக்கு இந்த நாட்டின் விசாவையும் வேலையையும் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் பூட்ஸையும் சம்பாதித்துத் தந்தது அந்த ஆறு நிமிஷ வீடியோதான். அதில் இருக்கும் பெண் பரிமளா.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன வீதி நாடகக் குழுவில் இருந்தேன். பரிமளா சாயப் பட்டறையில் நூல் அலசுகிறவள். எந்த நாளும் மணிக்கட்டு வரைக்கும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். வீட்டில் கணவன் அடிப்பான். மாமியார் கதவைச் சாத்திக்கொடுப்பார். ‘உன் கதையை நீயே நடி, அதுதான் விடுதலை’ என்று அவளைக் கிளப்பிவிட்டவன் நான். பயிற்சி முகாமில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாடகத்தில் வருகிறவர்களின் பெயரை எல்லாம் கவனமாக மாற்றினேன். தெருவை மாற்றவில்லை. காலையில் தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற அவளுடைய தெருவிலேயே சாயங்காலம் நாடகம் போட்டோம், சொந்த மண்ணில் போட்டால்தான் தாக்கம் என்று.

எங்கள் நாடகத்துக்கு ஒரு விதி உண்டு. பார்க்கிறவர் யாராக இருந்தாலும் ‘நிறுத்து’ என்று கத்தலாம். கத்தியவர் உள்ளே வந்து கதையை மாற்றலாம். ஆரம்பத்தில் தெருவையே மூன்று முறை கத்த வைத்துப் பழக்கினேன். பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டேன். முதுகில் வெயில். பரிமளா கத்திரிப்பூச் சாயம் ஏறிய கைகளோடு வந்து நின்று நாலு வசனம் பேசியிருப்பாள். “நிறுத்து!” என்று ஒரு கணீர்க் குரல். அவளுடைய மாமியார். விதியை அவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றியவர் அன்றைக்கு வேறு யாருமில்லை.

“மாமியாரா நடிக்கிறதுக்கு இன்னொருத்தி எதுக்குமா? நானே இருக்கேனே. நடிச்சது போதும், வூட்டுக்கு வா” என்று பரிமளாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நாடகம் என்று நினைத்துத் தெரு கைதட்டியது, விசில் அடித்தது. நான் ஜூம் பண்ணினேன்.

தப்பட்டையை வேனில் ஏற்றி, டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். அதன் பிறகு ஒரு வருஷம் பரிமளா வாசலைத் தாண்டவில்லை. அந்த ஒரு வருஷத்தில் வீடியோ மட்டும் ஐந்து நாடுகளுக்குப் போனது. ‘சமூகமே மேடைக்குள் நுழையும் அபூர்வ தருணம்’ என்றார்கள். கையிலிருந்த சாயத்தைக் குறியீடு என்றார்கள். நான் மறுக்கவில்லை. குறியீட்டுக்கு விசா கொடுக்கிறார்கள், மறுப்புக்கு யார் கொடுக்கிறார்கள்?

போன் போட்டேன்.

“யாரு, டைரக்டரா? இன்னாபா, உயிரோடதான் இருக்கியா? அந்த ஊர்ல சோறு கெடைக்குதா?”

சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

“இன்னுமா அது ஓடிக்கினு இருக்குது? போடாதப்பா. என் பொண்ணுக்கு மாப்ள பேசிக்கினு இருக்காங்க. அந்த வூட்டுப் பசங்க நாள் பூரா போன நோண்டிக்கினு இருக்குதுங்க. கண்ணுல பட்டா அவ்ளோதான்.” அவளே தொடர்ந்தாள். “ஆமா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தெருவுக்கே சொல்லிக்குடுத்தியே, நிறுத்து, நிறுத்துன்னு. கெழவி என்ன இழுத்துக்கினு போறப்ப நீ ஏன் சொல்லல?”

சிக்னல் சரியில்லை என்றேன். அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும்.

எல்கேயிடம் போய், அவள் வேண்டாம் என்கிறாள் என்றேன். எல்கேயின் முகம் உருகியது. “ஏன் வேண்டாம் என்பதை அவளே ஒரு நிமிஷம் பேசிப் பதிவு செய்து அனுப்புவாளா? ரொம்ப வலிமையாக இருக்கும்.” அனுப்பமாட்டாள் என்றேன். “சரி, முகத்தை மங்கலாக்கிவிடுவோம். அவள் பாதுகாப்புதான் முக்கியம்.” எங்கள் தெருவில் ஆளைக் கையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். என் ஜெர்மன் பேச்சு ரொட்டி வாங்கப் போதும், சண்டைக்குப் போதாது. அதோடு, விசா புதுப்பிக்கிற மாதம். தலையாட்டினேன். மறுநாள் காலை வட்டத்தில் வழக்கம்போல மாம்பழ மஞ்சள்.

விழா அன்று அரங்கம் நிறைந்திருந்தது. திரையில் கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தது. கீழே ஜெர்மனில் எழுத்து ஓடியது. அப்புறம் பரிமளா வந்தாள். மேலே கலங்கிய குட்டையாக முகம். கீழே பளிச்சென்று கைகள். என்னையறியாமல் எழுந்து கத்திவிட்டேன்: “நிறுத்து!”

அரங்கம் சிலிர்த்துத் திரும்பியது. ஒருவர் கைதட்டினார். பிறகு முந்நூறு பேரும் சந்தோஷமாக, பாடம் ஒப்பிப்பதுபோல, “நிருத்து! நிருத்து!” என்றார்கள். எல்கேயின் கண்ணில் நீர். நான் ஆங்கிலத்தில், ஜெர்மனில், கையை ஆட்டி எல்லாம் கத்தினேன். கைதட்டல்தான் கூடியது. வீடியோ அதுபாட்டுக்கு ஓடியது. கடைசியில் பின்வரிசையில் படம் காட்டும் மெஷினை ஓட்டுகிற யூசுஃப், கலை எதுவும் தெரியாதவர், என் முகத்தைப் பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். படம் அப்படியே உறைந்து நின்றது.

நேரலையில் எவ்வளவு போனது, மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்களா, தெரியவில்லை. பரிமளாவுக்குத் தினமும் போன் போடுகிறேன், எடுப்பதில்லை.

யூசுஃப் நிறுத்திய இடம் மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. கூட்டத்திலிருந்து மாமியார் எழுந்துவிட்டார். பரிமளாவின் கை பாதி உயர்ந்து நிற்கிறது. இரண்டு பேருக்கும் நடுவே, தெருவின் குறுக்கே, கேமரா பிடித்தவனின் நிழல் நீளமாகக் கிடக்கிறது. கால் இங்கே, லைப்சிக்கின் கம்பளத்தில். நிழல் அங்கே, அன்றைக்கு நான் நாலடி நகர்ந்திருந்தால் அவளுக்கு முன்னால் போய் நின்றிருக்கக்கூடிய இடத்தில்.